கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்

2019-ல் ஒரு நாள் காலை. அரசு மருத்துவமனையிலிருந்து ஓர் இளம் மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். "மேடம், நீங்க முதல் ஊசி போட்ட பையன் மூணாம் நாள் ஊசிக்கு இங்க வந்திருக்கான். சீட்டுல கேட்டகிரி டூன்னு எழுதியிருக்கீங்க. கீறல்ல ரத்தம் வந்துச்சா?"

"இல்லை" என்றேன்.

வந்திருந்தது. நானே பஞ்சால் ஒற்றி எடுத்திருந்தேன்.

பையனுக்கு ஆறு வயது. தெருநாய் துரத்திப் பிடித்ததில் கெண்டைக்காலில் இரண்டு விரற்கடை நீளத்துக்குக் கீறல். பாட்டி அதன் மேல் சுண்ணாம்பு அப்பித் தூக்கிக்கொண்டு வந்தார். சுண்ணாம்பை அகற்றி, குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினோம். தையல் போடவில்லை. தடுப்பூசியின் முதல் தவணையையும் போட்டேன். அதுவரை நான் செய்தது சரி. ஆனால் சின்னக் கீறல்தானே என்று இரண்டாம் வகை என எழுதி, சீரம் போடாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

ரத்தம் வராத லேசான கீறல்தான் இரண்டாம் வகை. தோல் கிழிந்து ஒரு துளி ரத்தம் கசிந்தாலும் அது மூன்றாம் வகை. அதற்குத் தடுப்பூசி மட்டும் போதாது. ரேபிஸ் கிருமி காயத்தின் வழியாக நரம்புக்குள் நுழைந்து, நரம்பைப் பிடித்துக்கொண்டே தண்டுவடத்துக்கும் மூளைக்கும் போகிறது. தடுப்பூசி போட்டாலும் உடம்பு தன் எதிர்ப்பொருளைச் செய்து முடிக்க ஏறத்தாழ ஒரு வாரம் வேண்டும். அந்த ஒரு வாரம் காயத்தின் வாசலில் காவல் நிற்பதுதான் இம்யூனோகுளோபுலின் என்ற சீரம். நோய் அறிகுறி தோன்றிவிட்டால் பிறகு யாராலும் ஏறக்குறைய ஒன்றும் செய்ய முடியாது. இந்த நோயில் இரண்டாவது வாய்ப்பு என்பதே கிடையாது.

இளம் மருத்துவர் கேட்டபோதே என் தவறு எனக்கு உறைத்துவிட்டது. பிறகு ஏன் பொய் சொன்னேன்? என்னைவிட இருபது வயது இளையவர் முன்னால் தலைகுனிய மனம் வரவில்லை. அதோடு, சீரத்தை முதல் நாளே போட்டால்தான் உண்டு, மூன்று நாள் கழித்துப் போட்டுப் பயனில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். இனி உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். என் அறியாமை என் பொய்க்குத் துணைநின்றது.

அந்த அறியாமைக்கு நியாயம் எதுவும் இல்லை. நான் படித்தது தொண்ணூறுகளில். தொப்புளைச் சுற்றிப் போடும் நாய்க்கடி ஊசி அன்றைக்கு இன்னும் புழக்கத்தில் இருந்தது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து அது. அதை நம் நாடு கைவிட்டே பல ஆண்டுகள் ஆகின்றன. கல்லூரியில் படித்த பாடம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால்தான், மருத்துவர்கள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர்கல்வி பெற வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்லின. சி.எம்.இ. என்று நாங்கள் சொல்வது அதைத்தான்.

நானும் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஹோட்டல் மண்டபத்தில் வரிசையில் நின்று கையெழுத்துப் போடுவேன். பையும் பேனாவும் கொடுப்பார்கள். முதல் வரிசையில் இருக்கும் மூத்தவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, விளக்கேற்றி முடிந்ததும் கிளம்பிவிடுவேன். உறவில் கல்யாணம், க்ளினிக்கில் கூட்டம், சில நாள் வெறும் அலுப்பு. மாலையில் நண்பர் யாராவது சான்றிதழை வாங்கி வைத்திருப்பார். 2017-ல் காசநோய்க்கு வாரம் மூன்று நாள் மருந்து போய்த் தினசரி மருந்து வந்ததை ஒரு மெடிக்கல் ரெப் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். டெட்டனஸுக்கு மட்டும் போட்டுவந்த ஊசிக்குப் பதில் டிப்தீரியாவுக்கும் சேர்த்துப் போடும் ஊசி வந்ததை மருந்துக்கடைப் பையன் சொன்னான். அப்போதும் எனக்கு வெட்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

பொய் சொன்ன இரண்டாம் நாள் இரவு, பதிவைப் புதுப்பிப்பதற்காகச் சான்றிதழ்களைத் தேடினேன். பீரோவின் அடித்தட்டில் பிரிக்காத பைகள் ஏழெட்டு இருந்தன. அவற்றில் ஒன்று அந்த ஆண்டுத் தொடக்கத்தில் நடந்த கூட்டத்தினுடையது. உள்ளே என் பெயர் அச்சிட்ட சான்றிதழும், ரேபிஸ் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட திருத்தங்களை விளக்கும் சிறு புத்தகமும் இருந்தன. நின்றபடியே படித்தேன். முதல் நாள் சீரம் போட விட்டுப்போயிருந்தால், முதல் தடுப்பூசி போட்டதிலிருந்து ஏழாம் நாள் வரை போடலாம். அதற்குப் பிறகு உடம்பே எதிர்ப்பொருளைச் செய்யத் தொடங்கிவிடுவதால் தேவையில்லை. சீரத்தைக் காயத்துக்குள்ளும் சுற்றியும் இறக்க வேண்டும். மிச்சத்தைத் தொடையிலோ பிட்டத்திலோ குத்துவதால் பெரிய பயன் இல்லை. இந்தப் பாடத்தைக் கேட்டேன் என்றுதான் அந்தச் சான்றிதழ் சொன்னது.

அன்று ஐந்தாம் நாள்.

இரவு பத்தரைக்கு அந்த இளம் மருத்துவரை அழைத்தேன். "ரத்தம் வந்துச்சுப்பா. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க மேடம். சீரம் ஸ்டாக் இருக்கு" என்றார். அவர் திட்டியிருக்கலாம். திட்டாதது இன்றும் கனக்கிறது.

விடிந்ததும் பையன் வீட்டுக்குப் போய் நின்றேன். பதினெட்டுக் கிலோ எடை. கிலோவுக்கு 40 யூனிட் கணக்கில் 720 யூனிட் குதிரைச் சீரம். ஆறிக்கொண்டிருந்த கீறலைச் சுற்றி ஊசி இறங்கியபோது அவன் என் கையைத்தான் பிடித்துக்கொண்டு அழுதான். மீதித் தவணைகளையும் தவறாமல் போட்டார்கள். அவன் நன்றாக இருக்கிறான். இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான்.

பாட்டியிடம் அன்று "இன்னொரு ஊசி பாக்கி இருக்கு பாட்டி" என்று மட்டும்தான் சொன்னேன். "மகராசி, வீடு தேடி வந்து கூட்டிட்டுப் போறியே" என்று கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு சும்மா நின்றேன். இரண்டு வருடம் கழித்து அவர் காலமானார். அவரிடம் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை. இந்தக் கதையில் என்னால் திருத்த முடியாத பகுதி இதுதான்.

அதன் பிறகு எந்தக் கூட்டத்திலிருந்தும் பாதியில் எழுந்து வந்ததில்லை. இருந்தாலும், கேட்காமல் வாங்கிய சான்றிதழ்கள் என் கோப்பில் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றை வைத்துத்தான் அந்த முறை பதிவைப் புதுப்பித்தேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் யாரையாவது நாய் கடித்தோ கீறியோ துளி ரத்தம் வந்திருந்தாலும், சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். சுண்ணாம்போ மஞ்சளோ வைக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். "ரத்தம் வந்தது, சீரம் போட வேண்டாமா?" என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். முதல் நாள் விட்டுப்போயிருந்தால், ஏழு நாளுக்குள் மறுபடி போய்க் கேளுங்கள். எந்த மருத்துவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.