பிறந்த வருஷம்

2025 மே 31ஆம் தேதி நான் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றேன். அன்று சனிக்கிழமை. ஆகவே வெள்ளிக்கிழமையே மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஒரு டிபன் காரியர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவன் முந்தின மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெற வேண்டும் என்பது விதி. என் சான்றிதழில் இருப்பது 1-6-1965. எங்கள் அலுவலகத்தில் அன்று வெளியே வந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் ஜூன் ஒன்று. இதில் அதிசயம் ஏதுமில்லை. ஒரு தலைமுறையில் பாதிப் பேரைத் தலைமையாசிரியர்கள்தான் ஜூன் முதல் தேதியில் பெற்றுப் போட்டார்கள்.

பெங்களூரில் இருக்கும் என் மகன், பணம் வந்திருக்கிறதே, உங்கள் பிறந்த வருஷத்தில் செய்த கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள் என்றான். இப்படி ஒரு வழக்கம் உலகத்தில் இருக்கிறதாம். மனிதனும் இயந்திரமும் ஒரே வருஷத்தவர்கள், சேர்ந்து கிழடாகலாம். முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு, காரணம் சொல்ல முடியாத விதத்தில், ஆசையாகிவிட்டது.

காரணம் சொல்ல முடியாது என்பது பொய். வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் என் அப்பா முப்பது வருஷம் வேலை செய்தார். கடைசிவரை அவர் கையில் கடிகாரம் ஏறவில்லை. அங்கே நேரம் என்பது மரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. அதை அடித்தால் காலை. மறுபடி அடித்தால் சோறு. மறுபடி அடித்தால் வீடு. எப்போது அடிப்பது என்பது கணக்கெழுதும் ரைட்டரின் மணிக்கட்டில் இருந்தது. ஃபேவர் லூபா கடிகாரம். அது காலையில் முந்தும், மாலையில் பிந்தும் என்று அப்பா சொல்வார். சில்வர் ஓக் மரங்களின் நிழலை வைத்து அவரும் ஒரு கணக்கு வைத்திருந்தார். மூடுபனி இறங்கினால் அந்தக் கணக்கும் போய்விடும். சிறுவர்கள் நாங்கள், மணி என்னப்பா என்று கேட்டால், காலையோ மாலையோ, வெறும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, பத்தே முக்கால் என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரித்ததாக ஞாபகமில்லை.

நம்மில் பலர் கவிதையில் 'காலம்' என்ற வார்த்தையைச் சரளமாக எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். காலம் உறைகிறது, காலம் வழிகிறது, இன்னும் என்னவெல்லாமோ. அந்தத் தண்டவாளத் துண்டைப் பற்றி ஒரு வரியும் எழுதினதில்லை. இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது.

வாங்குவது என்று தீர்மானித்த பிறகு கொஞ்சம் படித்தேன். பழைய கடிகாரத்தின் வயதைக் கண்டுபிடிப்பது ஒரு வித்தை. ஒமேகா போன்ற ஸ்விஸ் கடிகாரங்களில் உள்ளே இயந்திரத்தில் பொறித்த வரிசை எண்ணைக் கொண்டு ஏறக்குறைய எந்த வருஷம் என்று சொல்லலாம். ஏறக்குறையத்தான்; எண் பொறித்தது ஒரு வருஷம், விற்றது வேறு வருஷமாகவும் இருக்கலாம். ஜப்பானியர்கள் இன்னும் சுருக்கம். சீகோவின் முதுகில் உள்ள எண்ணில் முதல் இலக்கம் வருஷம், இரண்டாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஆங்கில எழுத்து. ஆனால் வருஷத்துக்கு ஒரே ஓர் இலக்கம்தான். ஐந்து என்றால் 1965ஆகவும் இருக்கலாம், 1975ஆகவும் இருக்கலாம். எந்தப் பத்து வருஷம் என்பதைக் கடிகாரத்தின் இயந்திர வகையை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

எனக்கு வேண்டியது ஸ்விஸும் அல்ல, சீகோவும் அல்ல. எச்.எம்.டி. பெங்களூரில் 1961இல் ஜப்பானிய சிட்டிசன் கம்பெனியின் உதவியோடு செய்ய ஆரம்பித்த கடிகாரம். எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைக் கையில் மாமனார் கட்டியது, பியூன் முதல் பேராசிரியர் வரை கட்டியது. தினம் காலையில் சாவி கொடுக்க வேண்டும். பதினேழு கல். நொடிக்கு ஐந்து துடிப்பு, மணிக்குப் பதினெட்டாயிரம். 1987இல் பக்கத்து ஓசூரிலிருந்து டைட்டன் வந்தது. பாட்டரிக் கடிகாரத்துக்குச் சாவி வேண்டாம், நேரமும் தப்பாது. எச்.எம்.டி. அப்போது தளர ஆரம்பித்து, பல வருஷம் இழுத்துக்கொண்டிருந்து, 2016இல் கடிகாரக் கம்பெனியையே மூடுவதாக அரசாங்கம் முடிவெடுத்தது. மூடியவுடன் விலை ஏறிவிட்டது. உயிரோடிருந்தபோது யாரும் சீந்தாத பொருளைச் செத்த பிறகு தேடுவது நமக்குப் புதிதல்ல. சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்குத் தெரியும்.

சேலத்தில் சின்னக் கடை வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ரிப்பேர்க்காரர். எழுபது வயதுக்கு மேல். ஒற்றைக் கண்ணில் லென்ஸ். கண்ணாடிப் பெட்டியில் பத்துப் பன்னிரண்டு எச்.எம்.டி. வைத்திருந்தார். "புதுசு மாதிரி பளபளன்னு இருக்கறதத் தொடாதீங்க" என்றார். பம்பாயில் குவியல் குவியலாகப் பழைய கடிகாரங்களை வாங்கி, முகத்துக்கு மறுபடி சாயம் பூசி, ஒன்றின் உடம்பில் இன்னொன்றின் இயந்திரத்தைப் போட்டு விற்கிறார்கள். முகம் ஜனதா, முள் வேறெதிலிருந்தோ, சாவிக் குமிழ் நேற்றுச் செய்தது. அதற்கு எந்த வருஷம் என்று சொல்வது?

"உங்களுக்கு எந்த வருஷம் வேணும்?" என்று கேட்டார்.

அறுபத்தைந்து என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல வரவில்லை.

ஐந்து வயதானால் வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். 1970 ஜூனில் பள்ளிக்கூடத்தில் எனக்கு அது எட்டவில்லை. தலைமையாசிரியர் என் தலையைச் சற்றுச் சாய்த்துவிட்டார், தொட்டுவிட்டேன். ஐந்து வருஷம் பின்னால் எண்ணி ஜூன் ஒன்று என்று எழுதிக்கொண்டார். அம்மாவின் கணக்கு வேறு. நேரு செத்த சேதி வந்தபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய் என்பாள். நேரு இறந்தது 1964 மே 27. அப்படியானால் நான் 1963இன் கடைசியில் பிறந்திருக்க வேண்டும். பழம் பறிக்கிற சமயம் பிறந்தாய் என்றும் சொல்வாள். காப்பிப் பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கும், பொருந்துகிறது. ஆனால் வேறு சமயங்களில், நீ பிறந்தபோது தோட்டமெல்லாம் பூ என்பாள். கோடையின் முதல் மழை விழுந்து எட்டுப் பத்து நாளில் காப்பி பூக்கும். அது மார்ச், ஏப்ரல். பூவும் பழமும் ஒரே நாளில் எப்படி அம்மா என்று கேட்டால், கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். அவள் இறந்து பதினொரு வருஷம்.

கடிகாரத்தை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு மலைக்குப் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவு; வயதானால் ஒவ்வொன்றும் வயிற்றில் தெரிகிறது. ஏற்காட்டில் இறங்கி வெள்ளக்கடைக்கு வேறு வண்டி. அத்தை அங்கேதான் இருக்கிறாள். தொண்ணூறுக்கு மேலிருக்கும், அவளிடம் அவள் வயதைக் கேட்பதில் அர்த்தமில்லை. திண்ணையில் மிளகு காயப்போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கண் சரியில்லை, காது நன்றாகக் கேட்கிறது.

"நேரு செத்தப்ப தவந்தது நீ இல்ல கண்ணு" என்றாள். "அது மூத்தது."

எனக்கு மூத்தது ஒன்று இருந்தது என்பதை அறுபது வயதில் கேள்விப்படுகிறேன். அதற்கும் என் பெயர்தான். சேர்வராயன் சாமிக்கு வேண்டிக்கொண்ட பெயர். ஒன்று போனாலும் வேண்டுதல் போகாது என்று அடுத்ததற்கும் வைத்துவிட்டார்கள். பழம் பறிப்பில் பிறந்தது அது. பூவில் பிறந்தவன் நான். அம்மா இரண்டு பிள்ளைகளை ஒரு பெயரில் போட்டு வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அந்த ஆடில காச்ச. அப்ப இங்க ஏது வண்டி. உங்கப்பன் தூக்கிக்கிட்டு ஏற்காட்டுக்கு நடந்தான். நானும் பின்னாலயே போனேன். பாதி வழியில நின்னுட்டான். எதிர்க்க ரைட்டரு வந்தாரு. இவன் வேற ஒண்ணும் கேக்கல. மணி என்னங்கன்னு கேட்டான். பத்தே முக்கால்னாரு."

மிளகைக் கையால் பரத்திவிட்டுக்கொண்டாள். நான் எத்தனை பூ தள்ளிப் பிறந்தேன் அத்தை என்று கேட்டேன். ஒன்றா இரண்டா என்று அவளுக்கு நிச்சயமில்லை. ஒன்றென்றால் 1965; தலைமையாசிரியர் இரண்டொரு மாதம்தான் தப்பியிருக்கிறார். இரண்டென்றால் 1966, காதுக்குக் கை எட்டாததற்கு அதுதான் காரணம், எனக்கு இன்னும் ஒரு வருஷம் உத்தியோகம் பாக்கியிருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். சாப்பிட்டேன்.

கீழே வந்து மறுநாளே ரிப்பேர்க்காரரிடம் போனேன். எடுத்து வைத்த கடிகாரத்தின் முதுகைத் திறந்து லென்ஸைக் கொடுத்தார். மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய பொடி எழுத்துகள். சுத்தம் பண்ணி எண்ணெய் விட்ட ஒவ்வொரு ரிப்பேர்க்காரனும் தன் அடையாளத்தைக் கீறி வைப்பது இந்தத் தொழிலின் வழக்கம். திரும்பி வந்தால் தன் வேலையா பிறன் வேலையா என்று தெரிய. நான்கு கீறல்கள். இரண்டு படிக்க முடியவில்லை. ஒன்று 84. எல்லாவற்றிலும் பழசு, ஓரத்தில், 71. "எப்பச் செஞ்சதுன்னு இதுல படிக்க முடியாது. எப்பெப்ப ஒடம்புக்கு வந்துச்சுன்னு இருக்கு" என்றார். எழுபத்தொன்றில் எண்ணெய் கேட்டிருக்கிறதென்றால் அதற்குச் சில வருஷம் முன்பு செய்ததாக இருக்கும். 61க்கு முன்னால் இருக்க முடியாது. அவ்வளவுதான் நிச்சயம். முகம் மட்டும் பழையதே. வெள்ளை மங்கிப் பழுப்பாகியிருந்தது. ஆறுக்குப் பக்கத்தில் ஒரு வெடிப்பு.

இரண்டாயிரத்து நானூறு ரூபாய். பேரம் பேசவில்லை. வார் மட்டும் புதிது போடச் சொன்னேன்.

இரவு மகன் டெலிபோனில் கேட்டான்: "எந்த வருஷம்பா அது?"

"எழுபத்தொண்ணுக்கு முந்தி."

"உங்க வருஷம்தானா?"

"கிட்டத்தட்ட" என்றேன். அத்தை சொன்னதை அவனிடம் சொல்லவில்லை. நேரில் வரும்போது சொல்ல வேண்டும். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

தினமும் காலையில் சாவி கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் முந்துகிறது. சனிக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.