மூடியில் வைத்த சோறு

ஊரடங்குக் காலத்தில் எதை இழந்தீர்கள் என்று யாரேனும் கேட்டால், மதியச் சாப்பாட்டை என்று விடை சொல்ல எங்களுக்குக் கூச்சமாகவே இருக்கிறது. உயிரை இழந்தவர்களின் தெருக்களில் வாழ்ந்துகொண்டு நாக்கின் ஏக்கத்தைப் பேசுவது நாகரிகமன்று. 2020ஆம் ஆண்டின் கோடையில் சென்னை மாநகராட்சி நாள்தோறும் வெளியிட்ட மண்டலவாரிப் பட்டியலில் வாரக்கணக்கில் முதலிடத்தில் நின்றது எங்கள் இராயபுரம் மண்டலம். ஆயினும் அந்த நாட்களில் நாங்கள் மிகுதியாகப் பேசியது உணவைப் பற்றித்தான். ஏன் அப்படிப் பேசினோம், பேசிப் பேசி எதைக் காணாமல் விட்டோம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

நாங்கள் ஐவர், ஒரே கல்லூரியின் ஆசிரியர்கள். பன்னிரண்டே முக்கால் மணி அடித்ததும், விடைத்தாள் கட்டுகளை ஓரம் தள்ளிவிட்டு, துறை அறையின் நீள மேசையில் பழைய நாளிதழை விரிப்போம். மூத்தவர் சைவர், எலுமிச்சைச் சோறும் மோர்மிளகாயும் அவருடைய நிலையான பங்களிப்பு. காசிமேட்டில் பிறந்து வளர்ந்த நண்பர் முதல்நாள் வைத்த மீன்குழம்பைக் கொண்டுவருவார். முதல்நாள் குழம்பின் பெருமையை அறியாதவர் நெய்தல் நிலத்தில் வாழத் தகுதியற்றவர் என்பது அவருடைய சித்தாந்தம். மற்றொருவரின் பாட்டனார் 1960களில் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவர். பேரனின் வீட்டில் இன்றும் ஞாயிற்றுக்கிழமை அத்தோதான். புளித்தண்ணீரும் பூண்டெண்ணெயும் பொரித்த வெங்காயமும் நொறுக்கிய பேஜோவும் கலந்து, கையால் பிசைந்த அந்தச் சேமியாவின் மிச்சம் திங்கட்கிழமை எங்கள் மேசைக்கு வந்து சேரும். நான்காமவர் இதை எழுதுபவர். அவர் வீட்டுக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்புக்கும் அந்த மேசையில் ஓர் இடம் உண்டு.

ஐந்தாமவர் இளையவர், தொகுப்பூதிய ஆசிரியர். எப்போதும் கடைசியாக வருவார். அவருடைய சிறிய டப்பாவில் பெரும்பாலும் தயிர்ச்சோறு இருக்கும். அதைத் திறந்து, மூடியை மல்லாத்தி வைப்பார். நாங்கள் நால்வரும் ஆளுக்கொரு கரண்டி அந்த மூடியில் வைப்போம். யாரும் அதைத் திட்டமிட்டதில்லை. பேச்சு எதைப் பற்றியோ போய்க்கொண்டிருக்கும். கை தன் போக்கில் நீண்டு வைத்துவிட்டு மீளும்.

மாதத்தின் முதல் வாரத்தில் ஒருநாள் கல்மண்டபத்தில் ஒரு மெஸ்ஸுக்குப் போவோம். மெஸ் என்பது பெரிய சொல். இரண்டு மேசை, எட்டு நாற்காலி, வாசலில் கரும்பலகை. அவ்வளவுதான். துறைமுகச் சுமைதூக்குவோரும் லாரி ஓட்டுநர்களும் மீன் வியாபாரிகளும் நாங்களும் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து உண்போம். அதை நடத்திய அக்கா, "வாத்தியாருங்களுக்கு முள் பார்த்துப் போடு" என்று உள்ளே குரல் கொடுப்பார். நெத்திலி வறுவல் சட்டியிலிருந்து இலைக்கு வரும்போது இன்னும் சிணுங்கிக்கொண்டிருக்கும்.

2020 மார்ச் 17ஆம் நாள் முதல் கல்லூரிகள் மூடப்பட்டன. முந்தைய நாள் உண்டதுதான் நெடுங்காலத்துக்குக் கடைசிப் பந்தி என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மெதுவாக உண்டிருப்போம். மார்ச் 25இல் நாடு முழுவதும் அடங்கியது. உணவகங்களில் பொட்டலம் மட்டுமே என்றாயிற்று. ஏப்ரல் 15இல் வழக்கமான மீன்பிடித் தடைக்காலமும் வந்து சேர்ந்தது. 61 நாள் தடையை அவ்வாண்டு 47 நாளாகக் குறைத்தார்கள். ஆனால் மீன் வாங்க வெளியே வருவதற்கே தடையிருந்த ஊரில், கடலுக்குப் போகத் தடை குறைந்து என்ன பயன்?

வாட்சப்பில் எங்களுக்கென ஒரு குழு தோன்றியது. அதில் நாங்கள் செய்ததெல்லாம் நினைவால் உண்டதுதான். அக்காவின் குழம்பில் மாங்காய் போடுவாரா, மாட்டாரா என்று இரண்டு நாள் வாதிட்டோம். கடற்கரைச் சாலை அத்தோவோடு தரும் வாழைத்தண்டுச் சாற்றை வீட்டில் செய்து பார்த்துத் தோற்ற படங்களை அனுப்பினோம். வீட்டுச் சாப்பாடு குறைவானதல்ல. ஆனால் வீட்டில் உண்பது உண்பது மட்டுமே. அங்கே உண்டது பேச்சும் சண்டையும் சிரிப்பும் கலந்த வேறொன்று. இளையவர் மட்டும் படம் எதுவும் அனுப்பவில்லை. நாங்கள் அனுப்பியவற்றுக்கெல்லாம் ஒரு கட்டைவிரலைக் காட்டுவார். அவர் இயல்பு அப்படி என்று எண்ணிக்கொண்டோம்.

மே மாதத்தில் ஒருநாள் எங்களில் ஒருவர் மருந்து வாங்க வெளியே போனார். வழியில் அம்மா உணவகம். 2013இல் 1 ரூபாய் இட்லியோடு தொடங்கிய அந்த உணவகங்களில், ஊரடங்கை முன்னிட்டு அப்போது இலவசமாகவே உணவு வழங்கினார்கள். சுண்ணாம்பு வட்டங்களில் நின்ற வரிசையில் எங்கள் இளையவர் நின்றுகொண்டிருந்தார், கையில் அதே டப்பா. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் சந்தித்தன. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் நண்பர் மருந்து வாங்காமலே வீடு திரும்பினார்.

ஏப்ரல் முதல் அவருக்கு ஊதியம் வரவில்லை என்பதை அதற்குப் பிறகுதான் விசாரித்து அறிந்தோம். நிரந்தர ஊழியர்களாகிய எங்களுக்கு மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. ஒரே துறை, ஒரே பாடம். ஆனால் அவருக்கு வரவில்லையா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பணம் திரட்டி அனுப்பினோம். மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டு, "பிறகு பார்த்துக்கொள்ளலாம் ஐயா" என்று ஒரு வரி எழுதியிருந்தார். பிறகு குழுவில் உணவுப் பேச்சு நின்றுபோயிற்று.

அன்றிரவு முழுவதும் எங்களுக்கு அந்த மூடியே கண்முன் நின்றது. அவருக்கு அன்றாடம் வயிறு நிறைந்த வேளை அந்த மதியவேளை ஒன்றுதானோ? பொதுமேசையில் எல்லாருடைய சோறும் எல்லாருடைய மூடிக்கும் போகும். கொடுத்தவன் யார், பெற்றவன் யார் என்று கணக்கில்லை. அந்தக் கணக்கின்மைதான் அவருடைய வறுமையை மறைத்து, மானத்தைக் காத்து வந்தது. மேசையைக் கலைத்து ஆளுக்கொரு பொட்டலம் என்றாக்கியதும் எல்லாம் வெளிப்பட்டுவிட்டது. இப்படி எண்ணி ஓரளவு ஆறுதல் கொண்டோம்.

அந்த ஆறுதலைக் குலைத்தவள் ஒரு மாணவி. கைப்பேசித் திரை வழியே சிறுபாணாற்றுப்படை நடந்துகொண்டிருந்தது. எயிற்பட்டினத்து நுளையர் குடியில் பாணனுக்குத் தேறலும் சுட்ட உலர்மீனும் கிடைக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, காசிமேட்டில் வலை பின்னும் குடும்பத்துப் பெண் கேட்டாள்: "ஐயா, வாங்கித் தின்ன அந்தப் பாணனுக்கு வெட்கமா இருக்காதா?" பாணன் இரவலன் மட்டுமல்லன் அம்மா, அவன் கையில் யாழ் இருக்கிறது, பெற்றதற்கு ஈடாகப் பாடுகிறான், அதனால் வெட்கமில்லை என்று விடை சொன்னோம். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. நாங்கள் நால்வரும் இத்தனை ஆண்டுகளில் ஒருநாளேனும் அந்தத் தயிர்ச்சோற்றில் ஒரு கவளம் கேட்டதில்லை. எல்லாருடைய சோறும் எல்லாருடைய மூடிக்கும் போகவில்லை. ஒரு மூடிக்கு மட்டுமே போயிற்று. கணக்கு இருந்தது. அதை அறிந்திருந்தவர் அவர் ஒருவரே.

இரண்டாம் அலையும் கடந்து 2021 செப்டம்பரில் கல்லூரி மீண்டும் திறந்தபோது இளையவர் வந்தார். மதியத்தில் நூலகத்தின் மூலையில் தனியே உண்டார். இடைவெளி விட்டு உண்ண வேண்டும் என்ற விதி அவருக்கு நல்ல காரணமாக அமைந்தது. ஒரு மாதம் கழிந்தது. ஒருநாள் மூத்தவர் தம் எலுமிச்சைச் சோற்று டப்பாவோடு நூலகத்துக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். அவர் எதிரே அமர்ந்து தம் டப்பாவின் மூடியை மல்லாத்தி நீட்டினார். "தம்பி, இன்னைக்கு வயிறு சரியில்லை. உங்க தயிர்ச்சோத்துல ஒரு கை குடுங்க."

இளையவர் சற்று நேரம் அந்த மூடியையே பார்த்தார். பிறகு ஒரு கவளம் வைத்தார். போதாதென்று இன்னொன்றும் வைத்தார். "அம்மா மாதுளம் முத்துப் போட்டிருக்காங்க ஐயா" என்றார். மறுநாள் மேசைக்கு வந்தார்.

கல்மண்டபத்து மெஸ் இப்போது இல்லை. அந்த இடத்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை இருக்கிறது. அக்கா எங்கே போனார் என்று பக்கத்துக் கடைகளில் விசாரித்தோம். "பேர் என்ன சார்?" என்று கேட்டார்கள். பதினோரு ஆண்டுகள் அவர் கையால் உண்டிருக்கிறோம். எங்கள் நால்வருக்கும் சொல்லத் தெரியவில்லை. இளையவரிடம் கேட்கலாம் என்று திரும்பினோம். அவர் ஏற்கெனவே எதிர்வாடைக்குப் போய், அங்கே நின்ற மீன்கார அம்மாவிடம் அக்காவைப் பெயர் சொல்லி விசாரித்துக்கொண்டிருந்தார்.