பழைய உழவு இயந்திரம் கற்றுத்தந்த பாடம்

“பதறாத காரியம் சிதறாது” என்பது நம் முன்னோர் வாக்கு. இப்பழமொழியை நான் சிறு வயதிலேயே மனனம் செய்திருந்தேன். ஆயினும் அதன் பொருளை உணர்ந்தது 2011 ஆம் ஆண்டிலேதான். அவ்வருடம் நான் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருந்த மாணவன்.

எங்கள் ஊர் மட்டக்களப்பின் படுவான்கரைப் பகுதியில் உள்ளது. அப்பப்பா வாங்கிவிட்டுச் சென்ற மசி பெர்குசன் 35 உழவு இயந்திரமே எங்கள் குடும்பத்தின் பெருஞ்சொத்து. 1950களின் பிற்பகுதியிலும் 1960களின் முற்பகுதியிலும் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் தயாரிக்கப்பட்ட வகை அது. எங்கள் வயலை உழுவதும், அயலவர் வயல்களைக் கூலிக்கு உழுவதும் அதனால்தான். எனது பாடசாலைச் செலவுகூட அதன் உழைப்பிலிருந்தே வந்தது.

2011 தை மாதத்தில் கிழக்கு மாகாணத்தைப் பெருவெள்ளம் தாக்கியது. பெரும்போக நெல் நீரில் அழுகியது. முற்றத்தில் நின்ற உழவு இயந்திரத்தின் பின்சில்லுகள் பாதிக்குமேல் அமிழ்ந்துவிட்டன. வெள்ளம் வடிந்ததும் உன்னிச்சைக் குளத்து நீரை நம்பிச் சிறுபோகம் செய்ய அப்பா ஆயத்தமானார். இயந்திரத்தை உடனே இயக்கிப் பார்க்க விரும்பிய அவரை, திருத்த வேலை தெரிந்த பெரியப்பா தடுத்தார்.

“முதலில் கியர்ப் பெட்டி ஒயிலைப் பார்ப்போம்” என்று கூறி அடியிலிருந்த திருகாணியைக் கழற்றினார். முதலில் வெறும் தண்ணீர் வடிந்தது. நீர் எண்ணெயிலும் அடர்த்தி கூடியது என்பதால் அடியில் தங்கியிருந்தது. அதன்பின் பால்தேநீர் போன்ற நிறத்தில் எண்ணெய் வந்தது. எண்ணெயோடு நீர் கலந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அந்நிலையில் உழுதிருந்தால் பற்சில்லுகளுக்கிடையே எண்ணெய்ப்படலம் நிலைக்காது; உலோகத்தோடு உலோகம் உராய்ந்து தேயும்; போளங்கிகள் துருப்பிடிக்கும். விஞ்ஞானப் பாடத்தில் உராய்வு பற்றிப் படித்த எனக்கு அன்றுதான் அது கண்முன்னே தெரிந்தது.

முப்பது லீற்றருக்கு மேல் புதிய எண்ணெய் தேவைப்பட்டது. அம்மா தன் தோட்டை அடகு வைத்துப் பணம் தந்தார். அதை என் கையில் கொடுத்த அப்பா, “நீ படிக்கிற பிள்ளை, பார்த்து வாங்கி வா” என்றார். அயலவரின் லான்ட்மாஸ்டரில் ஏறி நகருக்குச் சென்றேன். கடையில் இருந்தவற்றுள் மிகத் தடிப்பான எண்ணெயையே தெரிந்தெடுத்தேன். தடிப்பு அதிகமென்றால் பாதுகாப்பும் அதிகம் என்பது என் எண்ணம். யாரிடமும் கேட்கவில்லை. இயந்திரத்தின் கைந்நூலை அம்மா பொலித்தீனில் சுற்றி முகட்டு வளையில் கட்டி வெள்ளத்திலிருந்து காப்பாற்றியிருந்தார். அதையும் நான் திறந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் திறமையைக் காட்டும் அவசரத்தில் ஒரு கொள்கலனின் மூடியை உடைத்தேன். அப்போது பெரியப்பா வந்தார். “மனே, பொறு! இதில் என்ன எழுதியிருக்கென்று வாசி” என்றார். ஜீ.எல்-5 தரமுடைய கியர் எண்ணெய் என்று வாசித்தேன். பின்னர் அவர் சொற்படி கைந்நூலையும் அவிழ்த்து வாசித்தேன். கியர்ப் பெட்டி, பின் அச்சு, கலப்பையை உயர்த்தும் ஹைட்ரோலிக் பம்பி ஆகிய மூன்றுக்கும் இந்த இயந்திரத்தில் ஒரே எண்ணெய்தான் என்று அதில் இருந்தது.

பெரியப்பா விளக்கினார். பற்சில்லுக்கு ஓரளவு தடிப்பான எண்ணெய் நல்லதுதான். ஆனால் அளவு மீறித் தடித்த எண்ணெயைப் பம்பியால் இலகுவில் இழுக்க முடியாது. கலப்பை மெதுவாகவே உயரும். அத்துடன், அதிக அழுத்தத்தைத் தாங்குவதற்காக அத்தகைய எண்ணெயில் சேர்க்கப்படும் கந்தக, பொசுபரசுச் சேர்வைகள் பழைய இயந்திரங்களிலுள்ள வெண்கலப் பாகங்களைக் காலப்போக்கில் அரிக்கக்கூடும். கியருக்கும் ஹைட்ரோலிக்குக்கும் பொதுவாக, உழவு இயந்திரங்களுக்கென்றே தயாரிக்கப்படும் எண்ணெயே இதற்கு ஏற்றது. விலை கூடியதா, தடிப்பானதா என்பதல்ல, இயந்திரத்துக்குப் பொருத்தமானதா என்பதே கேள்வி.

நான் தலைகுனிந்து நின்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய வெறுங்காதைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

மறுநாள் இரண்டு கொள்கலன்களையும் பஸ்ஸில் ஏற்றிச் சென்றேன். மூடி உடையாததைக் கடைக்காரர் மாற்றித் தந்தார், உடைத்ததை ஏற்கவில்லை. அதற்கு ஈடான எண்ணெயை வாங்குவதற்கு மாமா கடன் தந்தார். வேலையில் நானும் உதவினேன். மலிவான மெல்லிய எண்ணெயை ஊற்றி, இயந்திரத்தைச் சுமையின்றிச் சிறிது நேரம் இயக்கி, சூடு ஆறுமுன் வடித்தோம். சூடாக வடித்தால்தான் அழுக்கும் சேர்ந்து வெளியேறும். பம்பியின் வடிகட்டியையும் கழுவினோம். கியர்த் தடியின் கிழிந்த இறப்பர் உறையை மாற்றினோம். மழைநீர் உட்புகும் வழிகளில் அதுவும் ஒன்று. புதிய எண்ணெயை அளவுகோலின் குறிவரை ஊற்றினோம். கழிவெண்ணெயை வாய்க்காலில் கொட்டாமல் பீப்பாயில் சேர்த்தோம். அதில் ஒரு பகுதியைக் கறையான் ஏறாதிருக்க வேலிக் கட்டைகளுக்குப் பூசினோம்.

சில நாட்கள் தாமதித்தே எங்கள் வயலில் உழவு தொடங்கியது. ஆனால் அந்தப் போகம் முழுவதும் இயந்திரம் ஒருநாளும் நிற்கவில்லை. அறுவடை முடிந்ததும் அப்பா செய்த முதல் வேலை அம்மாவின் தோட்டை மீட்டதுதான். மூடி உடைந்த கொள்கலனோ எங்கள் வீட்டு மூலையில் நெடுநாள் இருந்தது. ஒவ்வொரு முறையும் அது என் அவசரத்தின் விலையை எனக்கு நினைவூட்டியது.

அவ்வருட மார்கழியில் பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைக் கையில் எடுத்ததும் எழுதத் துடித்தது மனம். “மனே, பொறு! வாசி” என்ற பெரியப்பாவின் குரல் காதில் ஒலித்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதலாம் வினாவிலிருந்து இறுதி வினாவரை ஆறுதலாக வாசிக்கத் தொடங்கினேன்.