17,400 ரூபாய் மிச்சம்!

பி.காம். படித்தவனிடம் லாரியை ஒப்படைத்தால் கணக்காவது ஒழுங்காக இருக்கும் என்று நினைத்தார் என் மாமா. கணக்கு ஒழுங்காகத்தான் இருந்தது.

2014. டிகிரி முடித்துவிட்டு, பேங்க் பரீட்சைகளுக்கு ஃபீஸ் கட்டியே அப்பாவை ஏழையாக்கிக் கொண்டிருந்த நேரம். சங்ககிரி பக்கம் மாமாவுக்கு ஒரு டிப்பர் இருந்தது. 1998 மாடல். கல் குவாரிக்குள் இறங்கி, சக்கை ஏற்றிக்கொண்டு கிரஷருக்குப் போகும். போகிற பாதையை ரோடு என்று சொன்னால் மற்ற ரோடுகள் கோபித்துக்கொள்ளும். முன் சக்கரம் மேட்டில் இருந்தால் பின் சக்கரம் பள்ளத்தில் இருக்கும்.

"சும்மாதானே இருக்கே மாப்ள, கணக்கைப் பாரு" என்றார் மாமா.

முதல் வேலையாகத் தேய்மானம் போட்டேன். வருஷத்துக்கு 30 சதவிகிதம். 10 லட்சத்தில் ஆரம்பித்தால் 10 வருஷ முடிவில் 28,000 சொச்சம். எத்தனை வருஷம் கழித்தாலும் பூஜ்யம் மட்டும் வரவே வராது. அடடா, இந்த லாரிக்குச் சாவே இல்லை என்று பூரித்துப் போனேன்.

ஒருநாள் டிரைவர் அண்ணன் வந்து நின்றார். "தம்பி, மேடேறித் திரும்பறப்ப கேபினுக்குப் பின்னாடி நறுக் நறுக்குன்னு சத்தம் வருதுங்க."

குனிந்து பார்த்தோம். சேஸிஸில் கிராஸ் மெம்பர் சேருகிற இடத்தில், ரிவெட் ஓட்டையிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு கோடு. அதில் செந்துரு கசிந்திருந்தது.

பட்டறைப் பெரியவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு 18,000 ரூபாய் என்றார். தொட்டியைக் கழற்றி இறக்க வேண்டும். விரிசல் மேலே ஓடாமல் இருக்க அதன் நுனியில் ஓட்டை போட வேண்டும். விரிசலை முழு ஆழத்துக்கும் அரைத்தெடுத்து வெல்டிங் நிரப்ப வேண்டும். அதற்கப்புறம் பிளேட் வைத்து போல்ட் போட வேண்டும். "நாலு நாள் வண்டி நிக்குங்க."

நாலு நாளா! எனக்குள் இருந்த அக்கவுன்டன்ட் அலறினான். இன்னொரு வெல்டர் கிடைத்தார். "அதெல்லாம் எதுக்குங்க? மேலாப்புல ஒரு இழுப்பு இழுத்து, ஒரு தகட்டை ஒட்டி, கருப்பு பெயின்ட் அடிச்சா தெரியவே தெரியாது. 600 குடுங்க."

அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. மிச்சம் 17,400 ரூபாய். லெட்ஜரில் எழுதி, ஸ்கேல் வைத்து அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டேன்.

மூன்றாவது வாரம், லோடோடு குவாரியை விட்டு மேலேறும்போது, வெல்டிங்குக்கு ஒரு விரல் தள்ளி சேஸிஸ் பிளந்தது. தொட்டி சாய்ந்து வண்டியையும் சேர்த்துப் படுக்க வைத்தது. டிரைவர் அண்ணனுக்கு வலது தோள்பட்டை முறிந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், கையிலிருந்த ஆரஞ்சுப் பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சொன்னது இவ்வளவுதான்: "நான் சொன்னேன்ல தம்பி, அந்தச் சத்தந்தானுங்க."

பட்டறைப் பெரியவர் என் கையில் ஒரு கம்பியைக் கொடுத்து மடக்கி நிமிர்த்தச் சொன்னார். முதல் தடவை ஒடியவில்லை. ஏழெட்டுத் தடவையில் ஒடிந்தது. "பலத்தைக் கூட்டினீங்களா? அதே பலந்தான். இரும்பு அலுத்துப் போச்சு. குவாரியில ஒவ்வொரு ட்ரிப்பும் சேஸிஸை இப்படித்தான் முறுக்குது. ஓட்டை, மூலை, வெல்டிங் முடியற இடம், இங்கதான் மொதல்ல விடும். மேலாப்புல வெச்ச வெல்டிங் விரிசலை மூடும், நிறுத்தாதுங்க."

பிற்பாடு லைப்ரரியில் படித்தேன். 1842-ல் வெர்சாயிலிருந்து பாரிஸ் போன ரயிலின் எஞ்சின் அச்சு இப்படித்தான் ஒடிந்து, 50 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வோலர் என்ற ஜெர்மன் ரயில்வே எஞ்சினீயர் அச்சுகளை லட்சக்கணக்கான தடவை வளைத்துப் பார்த்தார். ஒரே தடவையில் ஒடிக்க முடியாத பாரம்கூட, திரும்பத் திரும்ப வந்தால் ஒடித்துவிடும் என்று காட்டினார். பெரியவர் அதையே டீ ஆறுவதற்குள் ஒரு கம்பியில் காட்டிவிட்டார்.

பழைய வண்டி வாங்கப் போகிற நண்பர்களே, புதுப் பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் படுங்கள். செந்துருக் கோட்டைத் தேடுங்கள். டிரைவர் 'சத்தம் வருது' என்றால் கால்குலேட்டரை மூடி வையுங்கள்.

என் கணக்கில் லாரி வருஷா வருஷம் சொல்லிக்கொண்டு தேய்ந்தது. நிஜ இரும்பு அத்தனை அடியையும் உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிறது. வெளியே கேட்பது ஒரு சின்னச் சத்தம் மட்டும்தான்.

ஆஸ்பத்திரிச் செலவை மாமா கொடுத்தார். அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று நான் படித்த புத்தகம் எதிலும் இல்லை.

டிரைவர் அண்ணன் இப்போது ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. மேல் தட்டில் இருக்கிற சாமானை அண்ணிதான் எடுத்துக் கொடுக்கிறார். நான் போனால் இன்றைக்கும் காபி உண்டு. அங்கே உட்கார்ந்திருக்கிற நேரத்தில் மேல் தட்டுச் சாமான் யாராவது கேட்டால், நானே எழுந்து எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.