தோல், சோறு, வெளிச்சம்

மிருதங்கம் எதனால் ஆனது? பலாமரம் என்று பலரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஆனால் பலாக்கட்டை வெறும் கூடுதான், பேசுவது தோல். வலந்தலைக்கு மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும், இழுத்துக் கட்ட எருமைத்தோல் வாரும் வேண்டும். நடுவிலுள்ள கருப்பு வட்டம் சோற்றோடு கல்பொடியைப் பிசைந்து, அடுக்கடுக்காகத் தேய்த்துப் போடுவது. நெல் விளையும் தஞ்சாவூர்ச் சீமையில் சோறு வாத்தியத்துக்குள்ளும் போயிருக்கிறது!

அந்தக் கருப்பு வட்டத்தின் வேலையை ஆராய்ந்தவர் 1888-ல் காவிரிக்கரையில் பிறந்த சர் சி.வி. ராமன். சாதாரண மேளத்தோலின் அதிர்வுகள் ஒன்றோடொன்று ஒட்டாது. நடுவில் கனம் ஏற்றினால் அவை சுருதி சேர்கின்றன என்று 1920, 1934 ஆண்டுக் கட்டுரைகளில் காட்டினார்.

அவருடைய மாணவர் ஜி.என். ராமச்சந்திரன் தோலுக்குள்ளேயே போனார். தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். அது மூன்று பிரி கயிறு போல முறுக்கியது என்று 1955-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து அவரும் கோபிநாத் கர்த்தாவும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

அந்த ஒழுங்கை வெளிச்சத்தாலேயே பார்க்கலாம். இரண்டு போலராய்டு தகடுகளைக் குறுக்கே வைத்தால் இருட்டாகிவிடும். நடுவே தோலின் மெல்லிய சீவலை வைத்துத் திருப்பினால் இழைகள் மின்னி மின்னி அணையும். பச்சரிசி மாவை வைத்தால் மாவுமணிகளில் சிலுவைக் குறி தெரியும். வெந்துவிட்டால் ஒழுங்கு குலைந்து சிலுவை மறைந்துவிடும்.

இதற்கு அடுத்த படி லேசர். 800 நானோமீட்டர் அகச்சிவப்புத் துடிப்புகளைப் பாய்ச்சினால், கொலாஜன் சரிபாதி அலைநீளத்தில், அதாவது 400-ல், ஊதா ஒளியைத் திருப்பித் தருகிறது. சாயமே பூச வேண்டாம். தோலைக் காய்ச்சி வச்சிரப் பசை ஆக்கிவிட்டால் அந்த ஒளியும் போய்விடும். மார்பகப் புற்றுக்கட்டியின் விளிம்புக்குச் செங்குத்தாகக் கொலாஜன் இழைகள் நின்றால் நோயாளிக்கு ஆபத்து அதிகம் என்று 2011-ல் ஓர் அமெரிக்க ஆய்வு இந்த முறையால் கண்டது.

லேசர் இல்லாமல், விரலாலும் காதாலும் தோலைத் தேர்ந்தெடுப்பவர்கள் மிருதங்கம் கட்டுகிறவர்கள். தஞ்சாவூரில் வேர்விட்ட அப்படி ஒரு தலித் கிறிஸ்தவப் பரம்பரையைப் பற்றி 2020-ல் டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகமே எழுதினார். அதுவரை எத்தனை ரசிகர்களுக்கு அவர்கள் பெயர் தெரிந்திருக்கும்? கச்சேரி அழைப்பிதழில் வித்வான் பெயர் உண்டு. கட்டியவர் பெயர் போடும் வழக்கம் இல்லை.

மாட்டுத்தோலிலும் மனிதத்தோலிலும் இருப்பது அதே மூன்று பிரி முறுக்குதான். தோலை உரித்துப் பதப்படுத்தியவர் தீட்டு, அதையே மேடையில் தட்டுபவர் மேதை என்ற கணக்கு மட்டும் எந்த மைக்ராஸ்கோப்பிலும் தெரியப்போவதில்லை. அது மனுஷன் எழுதிய கணக்கு. தப்பாக எழுதியதைத் திருத்தவும் மனுஷனால் முடியும்தானே?