பட்டுப்புடவையில் வால்பாறை

கோயம்புத்தூர்,
திங்கட்கிழமை.

அன்புள்ள சித்திக்கு,

மீனா எழுதுகிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "அது பாட்டுக்கு இருக்கு" என்று முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். இன்னொரு காரணமும் உண்டு. நேற்று உங்கள் ஊருக்குப் போய்விட்டு வந்தோம். தென்காசி இல்லை, வால்பாறை.

போவதாக எந்த யோசனையும் இல்லை. பொள்ளாச்சியில் இவருடைய ஆபீஸ் நண்பர் வீட்டுக் கல்யாணம். அதிகாலை முகூர்த்தம். எட்டு மணிக்கெல்லாம் பந்தியில் உட்கார்ந்தாயிற்று. இலையில் பொங்கல் விழும்போது கார்த்தி, "அப்பா, ஆழியாறு இங்கேருந்து அரை மணி நேரம்தானே?" என்று ஆரம்பித்தான். இவருக்கும் அப்படி யாராவது ஆரம்பித்தால் போதும். ஊட்டி, கொடைக்கானலுக்குக் கேட்கிற மாதிரி இப்போது வால்பாறைக்கும் இ-பாஸ் வேண்டும். காபி வருவதற்குள் பையன் போனிலேயே எடுத்துவிட்டான். நான் அரக்குக் கலர் பட்டில், தலை நிறையப் பூவோடு நிற்கிறேன். "இந்தக் கோலத்துலயா காட்டுக்கு?" என்றேன். "யானை வந்தா கல்யாணப் பொண்ணுன்னு நினைச்சு வழி விட்டுடும், வா" என்றார். மொய் எழுதிய கையோடு கிளம்பிவிட்டோம்.

கார்த்திக்குச் சிறுத்தை பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அவன் கணக்கில் மிருகமே இல்லை. யாரோ வால்பாறை ரோட்டோரம் சிறுத்தை உட்கார்ந்திருப்பதைக் காருக்குள்ளிருந்து வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார்களாம். சுள்ளென்று வெயில் ஏறுகிற நேரத்தில் எந்தச் சிறுத்தை வந்து நிற்கப் போகிறது? உங்களிடம் வளர்ந்த கோடை விடுமுறைகளில் எனக்கு அந்த அளவாவது தெரிந்திருந்தது. சொல்லவில்லை. பையன் ஆசையாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

ஆழியாறு செக்போஸ்ட்டில் பாஸைப் பார்த்தார்கள், பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பார்த்தார்கள். குரங்கு அருவியில் தண்ணீர் பெயருக்குத்தான் இருந்தது. நாற்பது கொண்டை ஊசி வளைவில் ஒன்பதாவது வந்ததும் வண்டியை ஓரங்கட்டினோம். கீழே அணை தெரிகிற அதே இடம்தான். நீங்கள் பஸ்ஸில் அந்த வளைவு வந்ததும் எலுமிச்சம்பழத்தை மூக்குக்குக் கொடுப்பீர்களே, அங்கே.

வரையாடு நின்றது சித்தி. மலை உச்சியில் இல்லை, ரோட்டுக்கு மேலே கட்டியிருக்கும் தடுப்புச் சுவரில். தாயும் குட்டியும். தை, மாசி குட்டி போடுகிற காலம் என்பதால் அது பிறந்து சில நாள்தான் ஆகியிருக்க வேண்டும். காம்பை விட்ட வாயில் பால் நுரை காயவில்லை. சுவரில் கல்லும் கல்லும் சேரும் இடத்தில் விரலகலத்துக்கு ஒரு விளிம்பு. அதில் நான்கு குளம்பையும் ஒன்றாக வைத்து நின்றுகொண்டு, அடுத்த விளிம்பைப் பார்க்கிறது, தாயைப் பார்க்கிறது, மறுபடி விளிம்பைப் பார்க்கிறது. தாய் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுவரில் முளைத்த புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. குட்டி தாவியது. பின்னங்கால் வழுக்கி, காரை உதிர்ந்து ரோட்டில் விழுந்தது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அது எப்படியோ ஏறிவிட்டது. ஏறியதும் தாய் மேலும் இரண்டடி மேலே போய் நின்றுகொண்டது. வளர்ப்பு என்றால் அதுதான்.

கொஞ்சம் தள்ளி ஒரு கிழட்டுக் கிடா, உடம்பெல்லாம் கருத்து, முதுகில் மட்டும் வெளுத்த பட்டையோடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. நம் மாநில விலங்கு இவ்வளவு பக்கத்திலா என்று கார்த்திக்கே ஆச்சரியம். 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க 1,303 தான் என்று போனைப் பார்த்துச் சொன்னான். பொள்ளாச்சி மண்டபத்தில் நேற்றுச் சாப்பிட்ட கூட்டம் அதைவிட அதிகம் இருக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு வேனிலிருந்து இறங்கிய ஆட்கள் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினார்கள். வனத்துறைக் காவலர் விசிலை ஊதிக்கொண்டே ஓடி வந்தார். ஆடு நகரவே இல்லை. அது பயந்து ஓடியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கவர்க்கல்லில் வழக்கம்போல மூட்டம். மார்ஷ் துரை சிலையைக் காட்டி, "யார் இவரு?" என்றான் பையன். ஆனைமலையில் தேயிலைக்கு முன்னோடி என்றார் இவர். முன்னோடி சரி, காட்டை வெட்டிச் செடி நட்டது நம் பக்கத்து ஜனங்கள், திருநெல்வேலியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் கங்காணி கூட்டி வந்தவர்கள் என்று நான் சேர்த்துச் சொன்னேன். உங்கள் மாமனார் கதையை முழுசாகச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் ஐயர்பாடி வந்துவிட்டது.

புதுத்தோட்டத்தில்தான் பெரிய கூத்து. ரோட்டில் வண்டிகள் நின்றிருந்தன. பார்த்தால் சிங்கவால் குரங்குக் கூட்டம். ஒரு காரின் பானெட்டில் ஒன்று, ஒரு வீட்டு ஓட்டின் மேல் நாலைந்து, டீக்கடைத் தொட்டியைக் கிளறிக்கொண்டு இன்னொன்று. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் கிடையாது, அதுவும் மரத்தை விட்டுக் கீழே இறங்காத சாதி என்று படித்ததெல்லாம் அங்கே நின்றால் யாரும் நம்பமாட்டார்கள். எங்கள் காரில் தாம்பூலப் பை மூன்று. தேங்காய், வாழைப்பழம், லட்டு. கண்ணாடியைக் கொஞ்சம்போல இறக்கியிருந்தேன். காவலுக்கு நின்றிருந்த ஒரு பையன் ஓடி வந்து, "அக்கா, பையைக் காலுக்கடியில வைங்க, கண்ணாடியை ஏத்துங்க, ஒரு தடவை கொடுத்துப் பழகுனா அப்புறம் கதவைத் திறந்து எடுத்துக்கும்" என்றான். ஏற்றி முடிப்பதற்குள் ஒரு பெரிய ஆண் வந்து என் பக்கத்துக் கண்ணாடியில் கையை வைத்துவிட்டது.

அந்தக் கையை நான் மறக்கமாட்டேன். உள்ளங்கை கறுப்பு, ரேகைகள் தெளிவாக. சுண்டுவிரலில் பழைய வெட்டுக்காயம் ஆறிய தழும்பு. முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, நடுவில் பழுப்புக் கண். என் தலைப் பூவைப் பார்த்தது, பையைப் பார்த்தது, கிடைக்காது என்று தெரிந்ததும் கொட்டாவி விட்டுவிட்டு இறங்கிப் போனது.

பிறகு அந்தப் பையனிடம் பேசிக்கொண்டிருந்தேன். புதுத்தோட்டத்துச் சோலை ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லையாம். சுற்றிலும் தேயிலை, காபி, ரோடு, வீடு. வேறு காட்டுக்குப் போக மரத்தோடு மரம் சேர்ந்த வழி இல்லை. கூட்டம் பெருகிவிட்டது, எங்கே போகும்? ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள், வண்டியில் அடிபடாமல் கடக்க. நாங்கள் பார்க்கும்போதே ஒரு தாய், வயிற்றில் குட்டியைத் தொங்கவிட்டபடி அதில் போனது. பக்கத்தில் நின்றவர், "என்ன லக்கு பாருங்க, வந்த உடனே தரிசனம்" என்றார். எனக்கு அப்படிப் படவில்லை சித்தி. காட்டு மிருகம் இவ்வளவு சுலபமாகக் கண்ணில் பட்டால், அதற்கு எங்கோ இடைஞ்சல் என்றுதான் அர்த்தம். பார்த்ததில் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் பொய். சந்தோஷம்தான், ஆனால் கல்யாணச் சாப்பாடு செரிக்காமல் நெஞ்சில் நின்றது.

வால்பாறையில் சாப்பிட்டோம், சுமார்தான். சின்கோனா போய் வரலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வழியில் தேயிலைக்கு நடுவே காட்டுமாடுகள் மேய்ந்தன. நான்கு காலிலும் வெள்ளை சாக்ஸ். பத்தடியில் பெண்கள் கத்தரியால் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

உங்கள் லயன் அப்படியே இருக்கிறது. தகரம் மட்டும் புதுசு. பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, மீதியில் ஜார்க்கண்ட், அசாம் பக்கத்துக் குடும்பங்கள். கடைசி வீட்டில் பேச்சியம்மாள் அத்தை! என்னைப் பார்த்ததும், "ராசாத்தி அக்கா மகளா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் மகள் இல்லை, அக்கா மகள் என்று திருத்தினேன், காதில் விழவில்லை. வீட்டைச் சுற்றிப் புதரெல்லாம் வெட்டி வெறும் மண்ணாக இருந்தது. சிறுத்தைக்குப் பயந்து. எஸ்டேட்டுகளில் சின்னப் பிள்ளைகளைத் தூக்கிப்போன செய்திகளை நீங்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள். ஐந்தரைக்கு மேல் வாசலில் பிள்ளைகள் இல்லை, கழிப்பறைக்குப் போவதென்றாலும் இரண்டு பேர், கையில் டார்ச். யானைக்காவது இப்போது போனில் தகவல் வந்துவிடுகிறதாம், சில இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. உங்கள் காலத்தில் அரிசிப் பானைக்காகச் சமையல்கட்டுச் சுவரை இடித்த பிறகுதானே வந்ததே தெரியும்? "சிறுத்தை போனா பேசும்?" என்று சிரித்தார் அத்தை. கார்த்தி சிறுத்தை வீடியோவை அவருக்குக் காட்டப் போனை எடுத்திருந்தான். திரும்பப் பையில் வைத்துக்கொண்டான்.

இருட்டுவதற்குள் செக்போஸ்ட்டைத் தாண்ட வேண்டுமே என்று மூன்றரைக்கே கிளம்பினோம். ஒரு சோலையோரம் இவர் வண்டியை நிறுத்தினார், எதற்கென்று அவருக்குத்தான் தெரியும். இன்ஜினை அணைத்ததும் தலைக்கு மேலே ஈரப் போர்வையை உதறுகிற மாதிரி ஒரு சத்தம். பஃப், பஃப், பஃப். நான் அண்ணாந்து பார்ப்பதற்குள் மரத்துக்கு மேலே மஞ்சள் அலகு, வெள்ளை வால், நடுவில் கறுப்புப் பட்டை. இருவாச்சி! ஆண்தான். பொட்டை இப்போது எங்கோ மரப்பொந்தில் வாசலை அடைத்துக்கொண்டு முட்டையோடு உட்கார்ந்திருக்கும், அத்திப்பழம் கொண்டு போய் அந்தச் சந்து வழியாக இது ஊட்ட வேண்டும், இது செத்தால் உள்ளே இருப்பதும் போச்சு. நீங்கள் சொல்லித் தந்ததை வார்த்தை மாறாமல் பையனுக்குச் சொன்னேன். போட்டோ இல்லை. போனைத் தேடுவதற்குள் போய்விட்டது. நேற்றுப் பார்த்ததில் எங்களைச் சட்டை பண்ணாமல், தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போனது அது ஒன்றுதான். அதனாலேயே எனக்கு அதுதான் பிடித்தது. கார்த்தியோ இன்னும் குரங்கைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறான், பேசட்டும்.

புடவையில் தேயிலைத் தூசி, முந்தானையில் கிரீஸ். டிரை கிளீனிங் கடைக்காரர் என்ன சொல்வாரோ.

பேச்சியம்மாள் அத்தை உங்களுக்கு அரைக் கிலோ தேயிலைத் தூள் கொடுத்துவிட்டிருக்கிறார். தாம்பூலப் பை மூன்றையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். தூளை அடுத்த வாரம் பார்சலில் அனுப்புகிறேன். அவருடைய போன் நம்பரைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுங்கள், அதற்கு மேல் சீரியல் ஆரம்பித்துவிடுமாம், எடுக்கமாட்டாராம். பி.எஃப். பணம் விஷயமாக உங்களிடம் ஏதோ கேட்க வேண்டும் என்றார். மறக்காமல் பேசுங்கள்.

அன்புடன்,
மீனா