கண்டுபிடிக்கும் வேலைக்கும் கூலி உண்டு

உதகமண்டலத்தில் மார்கழி, தை மாத விடியலில் புல்வெளி மீது உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்நேரத்தில் பழைய கார்களைக் கிளப்புவது பெரும்பாடு. செல்ஃப் அடிக்கும், எஞ்சின் பிடிக்காது. பிடித்தாலும் ஆக்சிலேட்டரை மிதித்ததும் திணறி அடங்கும். இந்தக் கோளாறுகளைப் பார்க்கும் பட்டறைகளைக் கவனித்தபோது எனக்குத் தெளிவானது ஒன்று: இந்தத் தொழிலின் சாரம் பழுதைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. நல்ல மெக்கானிக், வண்டியை முந்தைய நாள் மாலையே விட்டுப் போகச் சொல்கிறார். ஓட்டி வந்த வண்டியில் எஞ்சின் சூடாக இருக்கும். குளிரில் மட்டும் தலைகாட்டும் கோளாறு அந்தச் சூட்டில் மறைந்துவிடும். இரவு முழுக்க நின்று குளிர்ந்த எஞ்சினின் முதல் முயற்சிதான் நம்பத்தக்க சாட்சி. அந்தச் சாட்சியைக் கலைக்காமல் விசாரிக்கும் வேலைக்குத் தனிக் கூலி தரும் வழக்கம் நம்மிடம் இல்லை. அது வர வேண்டும் என்பதே என் வாதம்.

இந்த விசாரணை ஏன் கடினம் என்பதற்குக் காரணம் பெட்ரோலின் இயல்பிலேயே இருக்கிறது. பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். சூடான எஞ்சினில், எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று சரியாக இருக்கும். குளிரில் பெட்ரோலின் ஒரு பகுதி ஆவியாகாமல் குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்வதால் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் சோக் இழுப்பது இதற்காகத்தான். ஆனால் உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மேட்டுப்பாளையத்தில் டியூன் செய்த கார்புரேட்டர் மலையேறி வந்ததும் தேவைக்கு மேல் பெட்ரோல் கலக்கும், பிளக்கில் கரி படியும். அதற்காகப் பெட்ரோலைக் குறைத்தால் விடியற்காலையில் வண்டி பிடிக்காது. ஆகவே வண்டி கிளம்பவில்லை என்ற ஒரே புகாருக்குப் பின்னால் நேரெதிரான இரண்டு காரணங்கள் இருக்கலாம்.

எது என்று பிரித்தறிய ஒரு வரிசை இருக்கிறது. முதலில் செல்ஃப் சுற்றும் வேகம்: மந்தமாகச் சுற்றினால் பேட்டரியும் எர்த் வயரும் சந்தேகத்துக்குரியவை. நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறார்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. பம்ப், ஃபில்டர் பக்கம் போக வேண்டும். நனைந்திருந்தால் ஸ்பார்க் பலவீனம், அல்லது பெட்ரோல் மிகுதி. திணறலுக்கு வேறு சோதனை. எஞ்சினை நிறுத்தி, ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, கார்புரேட்டருக்குள் பார்த்தபடி திராட்டிலைக் கையால் திறந்தால் பெட்ரோல் மெல்லிய தாரையாகப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சாவிட்டால் ஆக்சிலேட்டர் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். பீய்ச்சியும் திணறினால், கேஸ்கெட் வழியாகவோ பிரேக் பூஸ்டர் ஹோஸ் வழியாகவோ காற்றுக் கசிவு இருக்கிறதா என்று தேடுகிறார்கள். ஒவ்வொரு படியும் ஒரு காரணத்தைக் கழிக்கிறது. இதுவரை ஒரு பாகமும் மாற்றப்படவில்லை.

இந்தக் காலத்தில் ஸ்கேனர் போட்டால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். 2000-ஐ ஒட்டிப் பரவிய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அது பெரும் உதவிதான். ஆனால் எஞ்சின் சூட்டைச் சொல்லும் சென்சார், குளிர்ந்த எஞ்சினைச் சூடானது என்று தவறாகச் சொன்னால், கணினி அதை நம்பிப் பெட்ரோலைக் குறைத்துவிடும். அந்த அளவு இருக்கக்கூடிய எல்லைக்குள்ளேயே இருப்பதால் கோளாறு எண் எதுவும் பதிவாகாமல் போகலாம். இரவெல்லாம் நின்ற வண்டியில் எஞ்சின் சூடும் உள்ளிழுக்கும் காற்றின் சூடும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும் என்று தெரிந்தவர், காலையில் சாவியைத் திருப்பியதும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். கருவி எண்ணைக் காட்டும். அந்த எண் பொருந்துகிறதா என்று கேட்பது மனிதர்தான்.

பாகமே மாற்றாதபோது எதற்குப் பணம் என்பது வாடிக்கையாளர் தரப்பு. பழைய பாகத்தைக் கையில் காட்டினால்தான் பணம் தருவோம் என்றால், பட்டறையும் பாகம் மாற்றவே பழகும். பிளக், காயில், கார்புரேட்டர் கிட் என்று அடுக்கினால் ஏதோ ஒன்றில் கோளாறு தீரலாம். ஆனால் செலவு எல்லாவற்றுக்கும் சேர்த்து விழும். காலம் கடந்த பிளக்கை முதலிலேயே மாற்றுவது நியாயம், அதை மறுக்கவில்லை. ஆனால் அம்பாசிடரும் மாருதி 800-உம் 2014-லேயே தயாரிப்பிலிருந்து விடைபெற்றுவிட்டன. அவற்றுக்கு அசல் பாகம் எளிதில் கிடைக்காத நிலையில், நல்ல நிலையிலுள்ள பழைய பாகத்தைக் கழற்றிவிட்டுத் தரமில்லாத நகலைப் பொருத்தினால் இரண்டாவது கோளாறு சேரும். சோதனைக் கூலியை முன்பே சொல்லி, பில்லில் தனி வரியாக எழுதினால் இரு தரப்புக்கும் ஏமாற்றம் இராது.

புகை கக்கும் பழைய வண்டிகளை ஒழித்துவிட்டால் போதாதா என்பது கனமான ஆட்சேபம். காலாவதியானவை போகத்தான் வேண்டும். ஆனால் பழைய வண்டிகள் சாலையில் இருக்கும்வரை, மிகுதியான பெட்ரோலில் ஓடும் எஞ்சினே கரும்புகை விடும். அதைத் திருத்துவது காற்றுக்கும் நல்லது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இன்று புதிய சிக்கலையும் கொண்டுவந்திருக்கிறது. எத்தனால் ஆவியாகக் கூடுதல் வெப்பம் வேண்டும். எரியக் குறைவான காற்றே போதும். பழைய கார்புரேட்டர் தானாக இதற்கேற்ப மாறிக்கொள்ளாது. பழைய ரப்பர் ஹோஸ்களும் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. நேற்றைய அனுபவத்தை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. நிதானமாகச் சோதித்துப் பார்க்க நேரம் வேண்டும். பட்டறையில் கற்கும் இளைஞர் அந்த நேரத்தில்தான் தொழிலைக் கற்கிறார். அந்த நேரத்துக்குக் கூலி தராத ஊரில், பாகம் மாற்றத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். காரணம் சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போவார்கள்.